அமாவாசைக்கு வருமானம், அன்றாடம் தவணை: மாதேஸ்வரன் மலைக் கடைக்காரருக்கு ஒரு கடன் கையேடு

தெய்வங்களில் கடன் அனுபவம் உள்ளவர் திருப்பதிப் பெருமாள். கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் கை நீட்டியவர், இன்றுவரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார் என்பது புராணம். கடன்காரன் போய் முறையிட்டால் அவருக்கு உடனே புரிந்துவிடும். மாதேஸ்வரன் மலைக்காரரிடம் அந்த வசதி இல்லை. அவர் துறவி. புலி மேலேறி எழுபத்தேழு மலையையும் ஆண்டவர். கல்யாணம் கிடையாது, கடை வாடகை கிடையாது, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கிடையாது. மாதேஸ்வரர் உண்டியலில் கோடிக்கணக்கில் காசு சேர்ந்ததாக அவ்வப்போது செய்தித்தாளில் படிக்கிறோம். அத்தனையும் ரொக்கம். அக்கவுண்டில் எழுதிக்கொள்ளச் சொன்ன பக்தர் ஒருவரும் இல்லை.

அவர் காலடியில் கடை விரித்திருக்கும் நமக்கோ எல்லாமே அக்கவுண்டுதான். ஆகவே சாமி சொல்லித்தர முடியாத இந்த ஒரு வித்தையைச் சொல்லித்தர இக்கையேடு எழுதப்படுகிறது.

இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மைசூரிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர். 1997-இல் மைசூர் மாவட்டத்தைப் பிரித்தபோது மலை சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போனது. நம்மவர்களுக்கு இன்னும் அது மைசூர்ப் பக்கத்து மலைதான். 1956 வரை மலை அடங்கிய கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்ததால் உறவு பழையது. மேட்டூர், கொளத்தூர், பாலாறு செக்போஸ்ட் என்று பஸ் ஏறி வருகிற நம் ஜனங்களுக்குத் தேங்காய், பூ, சாம்பிராணி, விபூதி, ருத்ராட்ச மாலை, சாமி படம், பொரி, பொம்மை, வளையல் விற்பவர்கள், மொட்டை போடுபவர்கள், டீக்கடை, இட்லிக்கடை போட்டவர்கள், ஆட்டோவும் வேனும் ஓட்டுபவர்கள். எல்லாரும் சொந்தத் தொழில். முதலாளியும் அவரே, வேலைக்காரரும் அவரே, கடனாளியும் அவரே. இனி விதிகள்.

விதி 1: வரவுக்கு ஒரு காலண்டர், தவணைக்கு வேறு காலண்டர்

மலையில் வியாபாரம் அமாவாசைக்கு அமாவாசை. இடையில் திங்கட்கிழமையும் லீவு நாளும் கொஞ்சம் தலைகாட்டும். மகாளய அமாவாசை, தீபாவளி, சிவராத்திரி, யுகாதி என்று பெரிய ஜாத்திரைகள் வரும். அந்த நாட்களில் தேங்காய் எடுத்துக் கொடுக்கவும் சில்லறை எண்ணவும் கை இரண்டு போதாது. கூட்டம் இறங்கிய மறுநாள் ஈ ஓட்ட ஒரு கையே அதிகம்.

கடன் வாங்கும்போது இதை அடியோடு மறந்துவிடுவது முதல் விதி. தினமும் கட்டுகிற தண்டல் ஒன்று, வாரத்துக்கு ஒரு தடவை கட்டுகிற குழு லோன் ஒன்று, மாதம் பிறந்தால் கட்டுகிற வண்டி டியூ ஒன்று, மூன்றையும் சேர்த்து எடுங்கள். ஓர் அமாவாசைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏறக்குறைய முப்பது நாள். அதற்குள் தண்டல்காரர் முப்பது தடவை வருவார், குழு மீட்டிங் நாலு தடவை நடக்கும், வண்டிக் கம்பெனி ஒரு தடவை போன் செய்யும். ஒரு வரவுக்கு முப்பத்தைந்து கெடு. சந்திரன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் ஈடுகொடுக்க முடியாது.

ஒன்றாம் தேதி சம்பளம், ஐந்தாம் தேதி இ.எம்.ஐ. என்பது மாதச் சம்பளக்காரருக்குப் போட்ட கணக்கு. அதை அப்படியே வாங்கி அமாவாசைக் கடைக்காரர் தலையில் வைத்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. வாங்கியவரும் கேட்கவில்லை என்பதுதான் இந்த விதியின் வெற்றி.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கோயில் நடை சாத்தினார்கள். ஜூனில்தான் திறந்தார்கள். அத்தனை நாளும் வட்டிக்கு நடை சாத்தவில்லை. ரிசர்வ் வங்கி ஆறு மாதம் தவணை கட்ட வேண்டாம் என்றது. தவணைதான் நின்றது, வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. இதைத் தள்ளுபடி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டவர்கள் இந்த விதியில் முதல் வகுப்பில் தேறியவர்கள்.

விதி 2: கல்லாவுக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவே சுவர் எழுப்பாதீர்கள்

ஜாத்திரை நாளில் கல்லா நிரம்பும். அதில் நாளைக்குத் தேங்காய் மண்டிக்குக் கொடுக்க வேண்டிய பணம் இருக்கிறது, வாடகை இருக்கிறது, சாம்பிராணிப் பாக்கி இருக்கிறது. போக மிச்சம் மட்டும்தான் நம்முடையது. இந்த விவரங்களில் இறங்கினால் மனசு சோர்ந்துவிடும். ஆகையால் கல்லாவில் கிடப்பதெல்லாம் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மச்சினன் வீட்டுச் சீருக்கு அதிலிருந்து எடுங்கள். பையனுக்குப் போன் அதிலிருந்து எடுங்கள். எடுத்ததை எழுதிவைக்காதீர்கள். நோட்டுப் போட்டால் உண்மை தெரிந்துவிடும் அபாயம் உண்டு.

உங்களுக்கென்று ஒரு சம்பளமும் வைத்துக்கொள்ளாதீர்கள். கடையில் வேலை செய்யும் பையனுக்குத் தினக்கூலி உண்டு, முதலாளியான உங்களுக்குக் கிடையாது. சம்பளம் இல்லாத முதலாளி எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது இதன் உட்பொருள். அடுத்த வாரம் மண்டிக்காரர் சரக்கு நிறுத்துவார். அப்போது மூன்றாம் விதி கைகொடுக்கும்.

விதி 3: தண்டல் அட்டையின் முன்பக்கத்தை மட்டும் பாருங்கள்

சாயங்காலம் ஆறு மணி. பூக்கடையில் வாழைநார் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும் அக்கா முன்னால் ஒரு பைக் வந்து நிற்கிறது. இன்ஜினை அணைப்பதில்லை. தோளில் தோல் பை, கையில் பேனா.

"அக்கா, இன்னைக்கு?"

"தம்பி, போணியே ஆகலைங்க. நாளைக்கு ரெண்டாக் கொடுத்தர்றன்."

"நேத்தும் இதேதான சொன்னீங்க. எனக்கு மேல ஓனர் இருக்காருங்கக்கா."

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார். ஐம்பது ஒன்று, பத்து மூன்று, சில்லறையாக இருபது. தம்பி எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு அட்டையில் ஒரு கட்டத்தில் கிறுக்குகிறார். நூறு கட்டம் உள்ள அட்டை. அறுபத்துமூன்று கட்டம் நிரம்பியிருக்கிறது. இடையில் விட்ட கட்டங்களுக்கு ஓரத்தில் தனிக்கணக்கு.

அட்டையின் முன்பக்கத்தில் 10,000 என்று எழுதியிருக்கும். நாளுக்கு நூறு, நூறு நாள். எவ்வளவு அழகான கணக்கு, வட்டியே இல்லை! கையில் வந்தது 8,500 என்பது மட்டும் அட்டையில் இருக்காது. ஆயிரத்து ஐந்நூறை முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள். "பதினைந்து பர்சென்ட்தானே" என்று சமாதானம் சொல்லுங்கள். அந்த 8,500-ம் நூறு நாளும் உங்களிடம் இருப்பதில்லை, முதல் நாளிலிருந்தே குறைந்துகொண்டு வருகிறது. ஐம்பதாம் நாள் பாதிப் பணம் அவர்களிடம் திரும்பிப் போயிருக்கும். வட்டி மட்டும் முழுசுக்கும் கொடுத்தது. இதை வருஷக் கணக்காக்கினால் 120 சதவீதத்தை ஒட்டி வருகிறது. "ரெண்டு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், வருஷத்துக்கு 24. அதற்கே ஊரில் முகம் சுளிப்பார்கள். பத்து வட்டிக்காரன் என்று யாரையாவது சபிப்பவர்கள், தண்டல் போட்டுப் பார்க்கும்போது தாங்களே பத்து வட்டி கட்டுவதைக் கவனிப்பதில்லை.

தமிழ்நாட்டில் 2003-இல் வந்த அதிக வட்டித் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பேர் சொல்லியே எழுதப்பட்டது. கர்நாடகத்தில் அதே நோக்கத்துக்கு 2004-இல் சட்டம் வந்தது. பாலாறு செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் சட்டம் இருக்கிறது, அந்தப் பக்கமும் இருக்கிறது. பைக் இரண்டு பக்கமும் ஓடுகிறது.

விதி 4: கடனைக் கடனால் அடையுங்கள்

தண்டலை முடிக்கக் குழு லோன். குழு லோன் தவணைக்கு நகை அடகு. அடகு வட்டி ஏறினால் மறு அடகு. நகையைத் திருப்பப் பக்கத்துக் கடை அண்ணனிடம் கைமாத்து. கைமாத்தைக் கொடுக்கச் சீட்டைத் தள்ளி எடுப்பது. தள்ளி எடுத்த சீட்டுக்குப் பணம் கட்ட மறுபடி தண்டல். இந்தச் சக்கரத்துக்கு மலையில் ரொட்டேஷன் என்று பேர். "பிசினஸ்னா ரொட்டேஷன்தானுங்க" என்று சொல்லும்போது குரலில் ஒரு கம்பீரம் இருக்க வேண்டும். சுற்றுவது பணமா, நாமா என்று யோசிக்கக் கூடாது.

குழு லோன் நல்ல நோக்கத்தில் பிறந்தது. வங்கதேசத்தில் முகமது யூனுஸ் ஐந்தைந்து பெண்களாகக் குழு சேர்த்துக் கடன் கொடுத்துப் பார்த்தார். 1983-இல் கிராமின் வங்கி தனி வங்கியானது, 2006-இல் நோபல் பரிசு வந்தது. அடகு வைக்க ஒன்றும் இல்லாதவருக்கும் கடன் கிடைக்கும் என்பது பெரிய விஷயம்தான். அடகு வைக்க ஒன்றுமில்லை என்று யார் சொன்னது? பக்கத்து வீட்டுக்காரியின் நட்பைத்தான் அடகு வைக்கிறோம். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும். திண்ணையில் மீட்டிங் முடியாமல் நீளும். ஒரே பாத்திரத்தில் மாவு கடன் வாங்கியவர்கள் முகம் பார்க்காமல் போவார்கள். 2010-இல் ஆந்திரத்தில் இந்தக் கடன்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து, தற்கொலைகள் வரை போய், அரசு அவசரச் சட்டம் போட வேண்டி வந்தது.

அதன் பிறகு ரிசர்வ் வங்கி விதிகளைத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிகளில் சிலவற்றைத் தெரிந்துகொண்டால் இந்தக் கையேடு கெட்டுப்போகும். ஆனாலும் கடமைக்குச் சொல்லிவைக்கிறோம். வருஷ வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுப்பதுதான் மைக்ரோ ஃபைனான்ஸ் கடன். அந்தக் குடும்பம் கட்டும் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே கடனை முடித்தால் அபராதம் போடக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குப் போன் செய்யக் கூடாது. பொது இடம் ஒன்று குறித்து அங்கேதான் வசூலிக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு தடவை வராதவர் வீட்டுக்கு மட்டும்தான் போகலாம். கடன் அட்டையில் வட்டி உட்பட எல்லாம், வாங்குபவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும்.

கடைசி விதியை மலைக்காரர்கள் இரண்டு தடவை படிக்கலாம். தமிழ் படித்தவர் கையில் கன்னடப் பாரமும், கன்னடம் படித்தவர் கையில் இங்கிலீஷ் பாரமும் கொடுத்து, பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்து வாங்குவது எல்லை ஊர்களில் சகஜம். "என்ன எழுதியிருக்குங்க?" என்று கேட்டால், "எல்லாம் ஃபார்மாலிட்டிதாங்க்கா." அந்த ஃபார்மாலிட்டி என்ன என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கேட்காமல் இருப்பதும் உங்கள் உரிமை. கையேடு இரண்டாவதைப் பரிந்துரைக்கிறது.

விதி 5: கிரகத்தின்மேல் பழி போடுங்கள்

கணக்கு நோட்டைத் திறப்பதைவிடப் பஞ்சாங்கத்தைத் திறப்பது சுலபம். செவ்வாய்க்கிழமை கடன் வாங்கக் கூடாது. குளிகையில் வாங்கினால் திரும்பத் திரும்ப வாங்க நேரிடும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருச்சேறையில் ருண விமோசன லிங்கம் இருக்கிறது. திங்கட்கிழமை தோறும் போய்வரலாம். போகவர வண்டிச் செலவுக்கு விதி 4-ஐப் பார்க்க.

அவ்வளவு தூரம் எதற்கு? மலையிறங்கினால் கொள்ளேகால். தமிழ் சினிமா அந்த ஊருக்கு மாந்திரீகப் பட்டம் கட்டிவிட்டது. பட்டுக்குப் பேர்போன ஊர் என்பதை நாம் மறந்தே போனோம். கல்லாவில் வைக்கச் செப்புத் தகடு, கடை வாசலில் கட்ட மஞ்சள் கயிறு, எதிர்க்கடைக்காரர் செய்வினைக்கு எலுமிச்சம்பழம் என்று யாராவது எழுதித் தருவார்கள். தகட்டுக்குக் கொடுத்த பணத்தையும் கடன் கணக்கில் சேர்த்துக்கொண்டால் பரிகாரம் பூர்த்தியாகும்.

இந்தச் சாமான்களில் மைத்ர முகூர்த்தம் மட்டும் விதிவிலக்கு. குறிப்பிட்ட நேரத்தில் அசலில் ஒரு சிறு பங்கையாவது கட்டினால் கடன் சீக்கிரம் தீரும் என்று ஜோசியர்கள் பத்திரிகையில் தேதி போடுகிறார்கள். அது பலிக்கிறது. எந்த நேரத்தில் அசலைக் கட்டினாலும் கடன் குறையும் என்பதால் பலிக்கிறது.

விதி 6: நீங்களும் தாராளமாகக் கடன் கொடுங்கள்

வாங்குவது மட்டும் வியாபாரம் ஆகாது. வேன் டிரைவர் அண்ணன் கூட்டத்தை உங்கள் கடைக்கே இறக்கிவிடுகிறார், அவருக்கு டீயும் பன்னும் அக்கவுண்டில். சொந்தக்காரர் மொட்டை போட வந்தால் பூஜைத் தட்டு அக்கவுண்டில். தெரிந்த போலீஸ்காரர், தெரிந்த கண்டக்டர், தெரியாதவர்களில் தெரிந்தவர் மாதிரி சிரிப்பவர், எல்லாரும் அக்கவுண்டில். நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வாங்கிய பணத்தை வட்டியே இல்லாமல் ஊருக்குக் கொடுக்கும் வள்ளல்கள் மலையில் நிறையப் பேர்.

கர்நாடகக் கிராமங்களில் ராத்திரி கதவைத் தட்டும் பேயை ஏமாற்ற, வாசலில் "நாளே பா" என்று எழுதிவைப்பார்களாம். நாளைக்கு வா என்று படித்துவிட்டுப் பேய் திரும்பிப் போகும். மறுநாள் வந்தாலும் அதே வாசகம். நம் பக்கத்துக் கடைகளில் "இன்று ரொக்கம், நாளை கடன்" என்று ஒரு பலகை தொங்கும். இரண்டும் ஒரே தந்திரம். வித்தியாசம் ஒன்றுதான்: பேய் படித்துவிட்டுப் போய்விடுகிறது, மச்சினன் படிக்காமல் உள்ளே வருகிறான்.

விதி 7: க்யூஆர் அட்டையைக் கழற்றி மறைத்துவையுங்கள்

2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, சின்னக் கடைகளின் யுபிஐ வரவைக் கூட்டிப் பார்த்து ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரிலிருந்து சின்ன ஊர்கள் வரை கடைக்காரர்கள் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு, "ரொக்கம் மட்டும்" என்று எழுதி ஒட்டினார்கள். கடைசியில் முதலமைச்சர் கூட்டம் போட்டு, பழைய பாக்கியை வற்புறுத்துவதில்லை, பதிவு செய்துகொள்ளுங்கள் என்று சொல்லும்படி ஆனது.

பயத்தில் நியாயம் இருந்தது. போனில் வந்து விழுந்ததெல்லாம் லாபம் என்று அரசாங்கம் நினைத்தால், விதி 2-ஐ அரசாங்கமும் கடைப்பிடிக்கிறது என்று அர்த்தம். பொருள் விற்பவருக்கு வருஷ விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு. சேவைத் தொழிலுக்கு 20 லட்சம். மலையில் பொரி விற்பவர் அந்தக் கோட்டின் பக்கம் போவதே அபூர்வம். ஆனாலும் அட்டையைக் கழற்றுங்கள். அப்போதுதான் வங்கியில் போய் லோன் கேட்கும்போது உங்கள் வருமானத்துக்கு ஒரு சாட்சியும் இருக்காது. மேனேஜர் வருத்தத்துடன் கைவிரிப்பார். வாசலில் பைக் இன்ஜினை அணைக்காமல் காத்திருக்கும்.

முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை, அடமானம் இல்லாமல், வங்கியிலேயே கேட்கலாம். 2015-இலிருந்து இருக்கிறது. அலைச்சல் உண்டு, பேப்பர் கேட்பார்கள், இரண்டாவது தடவை வரச் சொல்வார்கள். வட்டி வங்கிக்கு வங்கி மாறும். ஆனால் எந்த வங்கியிலும் 120 கிடையாது.

கூட்டத்தையே வருமானம் என்று நினைப்பதும் இந்த விதியில் சேர்த்தி. 2023 மார்ச்சில் மலையில் 108 அடி மாதேஸ்வரர் சிலையைத் திறந்தார்கள். அதே வருஷம் ஜூன் 11 முதல் கர்நாடகத்தில் பெண்களுக்கு இலவச பஸ். மலைக்கு ஜனம் பெருகியது. ஜனம் பெருகும் என்று கடன் வாங்கிச் சரக்கு இறக்குங்கள். வந்தவர்கள் சிலைக்கு முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு, வீட்டில் கட்டிவந்த புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். கூட்டம் வேறு, போணி வேறு என்பது சிலைக்குப் பின்னால் கடை போட்டவருக்குத் தெரியும்.

விதி 8: யாரிடமும் வாய் திறக்காதீர்கள்

எல்லா விதியிலும் ஆபத்தானது இது. இதில் கேலி செல்லாது.

கடன் எவ்வளவு என்று மனைவிக்குத் தெரியாது, மனைவி வாங்கிய குழு லோன் கணவனுக்குத் தெரியாது. தெரியாத நம்பர் வந்தால் போனை அணைத்துவைப்பது, தவணை நாளில் வீட்டுக்கு வராமல் காட்டுப்பக்கம் உட்கார்ந்திருப்பது, சிரித்துப் பேசியவர் சிரிப்பை நிறுத்துவது என்று அது வளரும். போனில் ஐந்து நிமிஷத்தில் கடன் தரும் ஆப் ஒன்று கண்ணில் படும். அது போனில் இருக்கிற எல்லா நம்பரையும் எடுத்துக்கொள்ளும். பிறகு அவமானம் எல்லார் வீட்டுக்கும் போகும். புலி வாலைப் பிடித்தவன் கதைதான்: பிடித்திருக்கவும் முடியாது, விடவும் முடியாது. மாதேஸ்வரர் புலி முதுகில் உட்கார்ந்தார். நாம் பிடித்தது வாலை.

2025 ஜனவரியில் இதே சாமராஜநகர் மாவட்டத்துக் கிராமங்களில் மைக்ரோ ஃபைனான்ஸ் வசூல் தொல்லைக்குப் பயந்து குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஊரை விட்டுப் போயின. கர்நாடகத்தின் மற்ற மாவட்டங்களிலிருந்து தற்கொலைச் செய்திகள் வந்தன. பிப்ரவரி 12-இல் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கடன் கொடுப்பவர் பதிவு செய்ய வேண்டும், மிரட்டி வசூலித்தால் பத்து வருஷம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். தமிழ்நாட்டிலும் 2025-இல் கட்டாய வசூலைத் தடுக்கச் சட்டம் நிறைவேறியது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில் கந்து வட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்கிரையானதை நாம் மறக்கவில்லை. அவர்களிடமும் மனு இருந்தது.

சட்டம் கடனை அடைக்காது. மிரட்டலை நிறுத்த உதவும். மிரட்டல் நின்றால் யோசிக்க நேரம் கிடைக்கும். மிரட்டினால் போலீசில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் 15100-க்கு அழையுங்கள், மாவட்டச் சட்டப்பணி ஆணையம் பெண்களுக்கும் ஏழைகளுக்கும் இலவசமாக உதவும். வங்கிமீதும் ஃபைனான்ஸ் கம்பெனிமீதும் புகார் என்றால் ரிசர்வ் வங்கியின் 14448. கடன் ஆப் தொல்லை என்றால் 1930. உயிரே வேண்டாம் என்று தோன்றும் ராத்திரி வந்தால் 14416, டெலி மானஸ். தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். கடன் என்பது ஒரு தொகை. அதை அடைக்கலாம், குறைக்கலாம், தள்ளிக் கட்டலாம், கட்ட முடியாமலே போனாலும் அதற்கு ஒரு வழக்கு உண்டு, ஒரு முடிவு உண்டு. அந்தத் தொகைக்கு ஓர் ஆளின் உயிர் ஈடு என்று எந்தப் புரோநோட்டிலும் எழுதவில்லை.

விதிகளை மீற விரும்புவோருக்கு

எட்டு விதியையும் பிடிக்காதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குச் சில வரிகள்.

கடன் கேட்கும் இடத்தில் முதல் கேள்வி "எவ்வளவு கிடைக்கும்?" என்று இருக்க வேண்டாம். "கையில் எவ்வளவு வரும், மொத்தம் எவ்வளவு கட்டணும், எந்தெந்தத் தேதியில்?" என்று கேளுங்கள். தேதி உங்கள் அமாவாசையோடு ஒத்துப்போகவில்லை என்றால், ஜாத்திரை மாதத்தில் அதிகமும் மற்ற மாதத்தில் குறைவுமாகக் கட்ட முடியுமா என்று பேசிப் பாருங்கள். பேசாதவருக்குக் கிடைக்காது. பேசியவருக்குச் சில சமயம் கிடைக்கிறது. மண்டிக்காரரிடமும் சரக்குப் பாக்கியை அமாவாசைக்கு மறுநாள் கொடுப்பதாகப் பேசிவைக்கலாம். அவரும் வியாபாரிதான், அவருக்கும் அமாவாசை தெரியும்.

எல்லாக் கடனையும் ஒரே தாளில், வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லாரும் பார்க்க எழுதுங்கள்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி. வட்டி அதிகமானதை மேலே எழுதுங்கள். கையில் கூடுதலாக வரும் காசு முதலில் மேலே உள்ளதற்குப் போகட்டும். பெரிய தொகையை முதலில் முடிக்க வேண்டும் என்பதில்லை, பெரிய வட்டியை முடிக்க வேண்டும். அதுவரை புதிய கடன் வேண்டாம்.

கல்லாவிலிருந்து உங்களுக்கு ஒரு தினக்கூலி எடுத்துக்கொள்ளுங்கள், கடைப் பையனுக்குக் கொடுப்பதுபோல. அதற்கு மேல் எடுத்தால் நோட்டில் எழுதுங்கள்.

கடைசியாக அந்தத் தண்டல் அட்டை. நூறாவது கட்டம் நிரம்பிய சாயங்காலம், "அடுத்தது போட்டுறலாங்களாக்கா?" என்று தம்பி கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். நாளுக்கு நூறு ரூபாய் கட்டிப் பழகிய கை அது. அதே நூறை அடுத்த நாளிலிருந்து ஒரு தகர டப்பாவிலோ போஸ்ட் ஆபீஸ் கணக்கிலோ போடுங்கள். எண்பத்தைந்தாம் நாள் 8,500 ரூபாய் சேர்ந்திருக்கும். தண்டல்காரர் உங்களுக்குக் கொடுத்த அதே தொகை. அடுத்த சிவராத்திரிக்குத் தேங்காய் இறக்க அது போதும், யாருக்கும் திருப்பித் தர வேண்டியதில்லை.